வாடகை நின்றால் என்ன மாறும்? வேலூர் பக்கத்துக் குடும்பங்களின் சொந்த வீட்டுக் கணக்கு

இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் அமல்படுத்தியபோது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஷூ ஆர்டர் குறையுமா? ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் போகும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வேலை போகும். அதற்கும் மேலே போனால் ஆளையே நிறுத்துவார்கள். இந்தப் பகுதிக்கு இப்படிப்பட்ட அதிர்ச்சி புதிதும் அல்ல. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது தோல் பதனிடும் டேனரிகள் ஆட்டம் கண்டன. 2020 ஊரடங்கில் கம்பெனி, லாட்ஜ், ஆட்டோ, தறி எல்லாம் ஒரே நாளில் நின்றன.

இதே காலத்தில் அரசுகள் வீடு கட்டப் பெரிய தொகை ஒதுக்குகின்றன. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2024-25 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் கிராமப்புறங்களில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்பது அதன் இலக்கு. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் ஊரகம், நகர்ப்புறம் என்று இரண்டு கிளைகளாக நடக்கிறது. இதையெல்லாம் பார்ப்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள்: வேலை போனவனுக்குச் சோறுதானே வேண்டும், சிமெண்ட் எதற்கு? அந்தப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் என்ன?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்த வீடு வருமானம் தராது. வருமானம் நின்ற மாதங்களில் குடும்பம் எவ்வளவு கடன் வாங்க நேர்கிறது என்பதை அது குறைக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்காக எவ்வளவு கடன் பட்டோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகவும் மாறும்.

முதலில் மூன்று சொற்கள்

கட்டாயச் செலவு: வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தே ஆக வேண்டிய பணம். துணிமணியைத் தள்ளிப்போடலாம், கறி எடுப்பதை நிறுத்தலாம். வாடகையைத் தள்ளிப்போட முடியாது.

கட்டுப்படியாகும் வீடு: அரசு இதை வருமானத்தை வைத்துப் பிரிக்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-ன் கணக்கில் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு, 9 லட்சம் வரை நடுத்தரப் பிரிவு. மானியம் யாருக்கு என்று முடிவு செய்ய இது போதும். குடும்பத்துக்கு இது போதாது. வீட்டுக்காக மாதம் போகும் பணம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பீஸ் ரேட்டிலும் தினக்கூலியிலும் ஓடுகிற வீட்டுக்கு இதுவே அதிகம் என்பேன். நாலில் ஒரு பங்கு என்றால்தான் மூச்சு விடலாம்.

போக்கியம்: இரண்டு மூன்று லட்சத்தை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் பணம் திரும்ப வரும். மாதச் செலவைப் பொறுத்தவரை சொந்த வீடு மாதிரி தெரியும். ஆனால் வீட்டுக்காரருக்கே பணமுடை வந்தால் நம் பணமும் அதோடு மாட்டிக்கொள்ளும். இதைச் சொந்த வீட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது.

வேலை நின்ற ஆறு மாதம்: நான்கு வீடுகள், நான்கு கணக்குகள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டும் பார்க்கலாம். ஆம்பூரில் கணவனுக்கு ஷூ கம்பெனியில் மாதம் 15,000 ரூபாய். மனைவி வீட்டிலிருந்தே பீடி சுற்றி 4,000 சம்பாதிக்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவனுக்கு ஆறு மாதம் வேலை இல்லை.

உள்ளே வருவது மனைவியின் 4,000, மகளிர் உரிமைத் தொகை 1,000, ஆக 5,000. ரேஷன் அரிசி இலவசம் என்பதால் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தால் பருப்பு, எண்ணெய், கேஸ், பால், பஸ், மருந்து எல்லாம் சேர்த்து 6,500-ல் ஓட்டலாம் என்று வையுங்கள்.

கரண்ட் பில்லையும் தனியாகப் பார்க்க வேண்டும். பல வாடகை வீடுகளில் வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் போல வாங்குவார். இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் ஓடினால் 1,280 ரூபாய். அதே குடும்பம் தன் பெயரில் இணைப்பு வைத்திருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். மீதி 60 யூனிட்டுக்கு 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசு தரும் இலவச மின்சாரம் வாடகைக் குடித்தனக்காரர்கள் பலருக்கு வந்து சேர்வதே இல்லை.

இப்போது ஆறு மாதத்தில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று பார்ப்போம்.

1. கடன் இல்லாத சொந்த வீடு. மாதம் 1,575 ரூபாய் குறைகிறது. ஆறு மாதத்தில் 9,450.

2. சொந்த மனையில் மானியத்தோடு கட்டி, மிச்சத்துக்கு 3 லட்சம் கடன் வாங்கிய வீடு. 8.5 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் தவணை 2,954. மாதத் துண்டு 4,529, ஆறு மாதத்தில் 27,174.

3. மாதம் 4,500 வாடகை கொடுக்கும் வீடு. கரண்டோடு சேர்த்து மாதத் துண்டு 6,640, ஆறு மாதத்தில் 39,840.

4. 8 லட்சம் வங்கிக் கடனில் வாங்கிய வீடு. அதே வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை 6,943. மாதத் துண்டு 8,518, ஆறு மாதத்தில் 51,108.

மூன்றாவதையும் நாலாவதையும் இன்னொரு முறை பாருங்கள். பெரிய கடனில் வாங்கிய சொந்த வீடு, வாடகை வீட்டை விட மோசமாக அடிக்கிறது. சம்பளம் ஒழுங்காக வரும் மாதத்திலேயே அந்தத் தவணை குடும்ப வருமானமான 19,000-ல் 36 சதவீதத்துக்கு மேல். ‘வாடகைக்குக் கொட்டுவதைத் தவணையாகக் கட்டினால் வீடு நமக்கு’ என்று மனை விற்பவர்கள் சொல்லும் வாக்கியம், சம்பளம் நிற்காத வரைக்கும்தான் உண்மை.

இன்னொரு விஷயம். 8.5 சதவீதம் என்பது சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் காட்ட முடிந்தவருக்கு. காட்ட முடியாத தறிக்காரரும் ஆட்டோக்காரரும் தனியார் வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குத்தான் போகிறார்கள். அங்கே 13 சதவீதம் என்று வைத்தால் அதே 8 லட்சத்துக்கு, அதே 20 ஆண்டுக்குத் தவணை 9,373.

9,450 ரூபாய் துண்டுக்கும் 39,840 ரூபாய் துண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 30,000 ரூபாய் வித்தியாசம் இல்லை. முதல் தொகையை மகளிர் குழுவில் வாங்கலாம், ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது தொகைக்குத் தாலிச் சரடு போகும், அதற்குப் பிறகு தண்டல்காரர் வருவார். வாரவட்டிக்கு வாங்கிய பணம் வேலை திரும்பக் கிடைத்த பிறகும் இரண்டு வருடம் சம்பளத்தைத் தின்னும். கஷ்டம் ஆறு மாதத்தில் முடிந்தாலும் அதன் கடன் முடிவதில்லை. சொந்த வீடு குடும்பத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாடகை ஏறும், தவணை தேயும்

4,500 ரூபாய் வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 15 ஆண்டில் 9,355 ஆகிவிடும். மேலே இரண்டாவது கணக்கில் வந்த 2,954 தவணை அதே 15-வது ஆண்டில் முடிந்தே போகும்.

வேலூர் நகரில் வாடகை ஏறுவதற்கு ஊருக்கே உரிய காரணங்கள் உண்டு. 1900-ல் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தோ நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு சுற்றுவட்டாரத்தில் ஓர் அறையை நாள் வாடகைக்கு விட்டால் கிடைப்பது, குடித்தனத்துக்கு விட்டால் கிடைக்காது. காட்பாடி பக்கம் விஐடி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கும் வாடகையோடு ஒரு கொத்தனார் குடும்பம் போட்டி போட முடியாது. ஆக, உள்ளூர்க் கூலிக்காரர் தன் சம்பளத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு சந்தையில் வீடு தேடுகிறார்.

தவணை மாறவே மாறாது என்று சொல்லவில்லை. வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில்தான் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. அப்போது பல வங்கிகள் தவணைத் தொகையை அப்படியே விட்டுவிட்டு ஆண்டுகளைச் சத்தமில்லாமல் நீட்டின. இதன் பிறகுதான், தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தீபாவளி போனஸ் வந்ததும் 10,000 ரூபாய் அசலில் போட்டால் தடுக்க ஆளில்லை.

காலி பண்ணச் சொல்ல ஆளில்லாதபோது

பணத்தில் எழுத முடியாத பகுதி இது. ஆனால் விளைவு கடைசியில் பணத்தில்தான் வந்து முடிகிறது.

முதலில் தொழில். பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், வீடே தொழிற்கூடமாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். குடியாத்தத்தில் லுங்கித் தறி, பேரணாம்பட்டிலும் வேலூரிலும் பீடி, ஆம்பூரைச் சுற்றி ஷூவின் மேல்பகுதியை வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பது, ஆரணியில் பட்டு. ஆரணித் தறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறி போட வேண்டுமென்றால் தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்ட வேண்டும். நெசவாளர் அதில் காலை இறக்கி மிதிக்கட்டையை மிதிப்பார். வாடகை வீட்டுத் தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? சம்மதித்தாலும் காலி பண்ணும்போது பள்ளத்தை மூடிச் சிமெண்ட் பூசிக் கொடுக்கச் சொல்வார். புகையிலை நெடி அடிக்கிறது என்று பீடி சுற்றுபவருக்கு வீடு மறுப்பதும் உண்டு. கணவனின் சம்பளம் நின்ற மாதத்தில் மனைவியின் 4,000-தான் குடும்பத்தைத் தாங்குகிறது என்று மேலே பார்த்தோம். அந்த 4,000-க்கு ஒரு திண்ணையும் நாலு மணி நேர வெளிச்சமும் வேண்டும்.

அடுத்தது நோய். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். ஷூ கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் பக்கவாதம் வந்தவரை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய பிறகுதான் நீண்ட கஷ்டம் தொடங்குகிறது. கீழ்த்தளம் வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே கேட்க வேண்டும். வயதானவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் வேறு மாதிரி பேசத் தொடங்குவார். “மேல ஏதாவது ஆச்சுன்னா இங்க வச்சுக்க முடியாதும்மா, சொந்த ஊருக்குக் கொண்டு போயிடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுபவர்கள் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு அப்புறம் குடித்தனம் வராது என்பது அவர்கள் பயம். வாடகை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்காது. இருந்தும் இதற்குப் பயந்து, மூச்சு நிற்கப்போகும் அப்பாவை ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டுபோகிற குடும்பங்கள் இருக்கின்றன.

பள்ளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மாதத்துக்கு ஒரு தரம் தெரு மாறுகிற பிள்ளைக்கு, பத்தாவது பரீட்சை வருடத்தில் பள்ளி தூரமானால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாடகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. நடப்பில் பத்து மாத அட்வான்ஸும் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும்தான் பல இடங்களில். 2020 மார்ச் 29 அன்று, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என மத்திய உள்துறை உத்தரவிட்டது. அதே நேரத்தில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது, அதில் சலுகை பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு நெருக்கடியில் வாடகைக்காரருக்கு ஒரு மாதமும் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு ஆறு மாதமும் கிடைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

யார் பெயரில் வீடு?

பிரதமர் வீட்டு வசதித் திட்ட வீடுகளைப் பெரும்பாலும் குடும்பத் தலைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ தருவது விதி. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. முத்திரைத் தீர்வை 7, பதிவு 2 என மொத்தம் 9 சதவீதம் கட்ட வேண்டிய இடத்தில் இது 8 ஆகும். 8 லட்சம் ரூபாய் மனைக்கு 8,000 ரூபாய் மிச்சம்.

அந்த 8,000-ஐ விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகிய இருவரும் கேரளத்தில் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. சொத்து எதுவும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். நிலமும் வீடும் தம் பெயரில் இருந்த பெண்களில் அது 7 சதவீதம். வீட்டுப் பத்திரம் அடியைத் தடுக்கிறது என்று நேராகச் சொல்லிவிட முடியாது. சொத்துள்ள பெண்கள் வேறு விதங்களிலும் வலுவானவர்களாக இருக்கலாம். ஆனாலும் வித்தியாசம் அலட்சியப்படுத்தும் அளவில் இல்லை. குடிகாரக் கணவனோடு வாழும் பெண்ணுக்கு, வெளியே போக வேண்டியது யார் என்ற கேள்விக்குப் பத்திரம் ஒரு பதிலை வைத்திருக்கிறது.

காகிதம் சரியாக இல்லாவிட்டால்

இருபது வருடம் ஒரே இடத்தில் இருந்தும், மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் இல்லாத குடும்பங்கள் பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் இருக்கின்றன. எங்கே தவறுகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. பத்திரமும் பட்டாவும் வேறு வேறு. பத்திரம் என்பது விற்றவர் வாங்கியவருக்கு எழுதிக் கொடுத்தது, பதிவுத்துறையில் இருக்கும். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. பத்திரம் முடித்துவிட்டுப் பட்டா மாற்றாமல் விட்டால், வங்கிக் கடனிலும் மானியத்திலும் சிக்கல் வரும்.

2. வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு, ரேஷன் கார்டு மூன்றும் அங்கே வசிக்கிறோம் என்பதற்குச் சான்று. இடம் நம்முடையது என்பதற்குச் சான்று இல்லை.

3. நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு இருந்தாலும் பட்டா கேட்பது கடினம். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே வந்தது. நத்தம் நிலம் அப்படி இல்லை. அது குடியிருப்புக்காகவே ஒதுக்கப்பட்டது, பட்டா வாங்க வழி உண்டு.

4. விலை மலிவு என்று அப்ரூவல் இல்லாத மனையை வாங்குவது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் பணம் கட்டி வரன்முறைப்படுத்தும் வாய்ப்பு தரப்பட்டது.

காகிதம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அர்ஜென்டினாவிலிருந்து ஒரு நல்ல ஆய்வு உண்டு. புவெனஸ் அயர்ஸ் புறநகரில் ஒரே இடத்தில் குடியேறியவர்களில் சிலருக்கு மட்டும் நில உரிமை கிடைத்தது, பக்கத்து வரிசைக்கு வழக்கினால் தாமதமானது. பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உரிமை கிடைத்தவர்கள் வீட்டை நன்றாகக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்திருந்தார்கள். வங்கிக் கடன் மட்டும் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. பட்டா கிடைத்தால் அதை வைத்துக் கடன் வாங்கித் தொழில் தொடங்கிவிடுவார்கள் என்று மேடைகளில் பேசப்படுவதை நான் முழுதாக நம்பாததற்கு இது ஒரு காரணம். ஏழைக் குடும்பத்துக்குப் பட்டாவின் பயன், அதை அடகு வைக்காமல் வைத்திருப்பதில்தான் அதிகம்.

வீட்டை அடமானம் வைத்தால்

கஷ்டம் வந்தால் வீட்டை வைத்துப் பணம் புரட்டலாம் என்பது பலருடைய தைரியம். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பலருக்குத் தெரியாது. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் தாமே குடியிருக்கும் சொந்த வீட்டை, சாதாரணக் கடனுக்கான நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற ஜப்தி செய்ய முடியாது என்கிறது அது. அதாவது கைமாற்றுக் கடனுக்காக அவர் வீடு போகாது. ஆனால் அதே வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. வங்கி அடமானம் என்றால் 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம் வரும்: தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன், பிறகு 60 நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும் அதிகாரம். இதற்கு வங்கி நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டியதில்லை.

தனியாரிடம் போனால் ஆபத்து வேறு வடிவில் வரும். அடமானப் பத்திரம் என்று சொல்லிவிட்டுக் கிரய ஒப்பந்தத்திலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்து வாங்குவது பழைய தந்திரம். 2 லட்சம் கடனுக்கு 12 லட்சம் ரூபாய் வீட்டை விற்க ஒப்புக்கொண்டதாகக் காகிதம் சொல்லும். 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதிவு அலுவலகத்தில் போட்ட கையெழுத்தை அப்புறம் பொய் என்று நிரூபிப்பது எளிதல்ல. சில வருடங்களுக்கு முன் காட்பாடி, வேலூர் பக்கம் மாதாமாதம் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் கவிழ்ந்தபோது, அங்கே போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வீட்டுப் பத்திரத்தில் போய் முடியும்.

வீடே சுமையாகும் இடங்கள்

2021 நவம்பரில் பாலாறு நிரம்பி ஓடிய மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். சுவர் நிற்காத வீட்டுக்கு நிலைத்தன்மை பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பழைய தொகுப்பு வீடுகளிலும் இதுவே நிலை: கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும், உரிமையாளரிடம் பழுதுபார்க்கக் காசு இருக்காது. வாடகை மிச்சமாகிறது என்று மேலே போட்ட கணக்கில், ஆண்டுக்கு ஐயாயிரமாவது பராமரிப்புக்கு ஒதுக்காத வீடு இருபது வருடத்தில் இந்த நிலைக்கு வரும்.

தூரம் அடுத்த பிரச்சினை. ஊருக்கு வெளியே அடுக்குமாடி ஒதுக்கீடு கிடைத்து, வேலைக்குப் போய்வர இருவருக்கும் தினம் 120 ரூபாய் பஸ், ஷேர் ஆட்டோவுக்குப் போனால் மாதம் 3,000. அது வேறு பெயரில் கட்டும் வாடகை. கூடவே, வீடு ஆளைக் கட்டிப்போடவும் செய்யும். ஆம்பூரில் வேலை போனவர் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போக வேண்டியிருக்கும்போது, வாடகைக்காரர் மறுவாரமே கிளம்பிவிடுவார். சொந்த வீடு வைத்திருப்பவர் தனியாக அங்கே அறை எடுத்துத் தங்கி இங்கே தவணையும் கட்டுவார்.

கையில் காசா, வீடா?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். 4,500 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 54,000. 3.5 லட்சம் ரூபாய் செலவில் அது நின்றுவிட்டால், போட்ட பணத்தில் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. வங்கி டெபாசிட் இதில் பாதிகூடத் தராது; வாடகை ஏற ஏற இந்த வருமானமும் ஏறும், இதற்கு வருமான வரியும் கிடையாது. கையில் கொடுத்த 3.5 லட்சம் ஒரு கல்யாணத்திலோ பழைய கடனிலோ கரைந்துவிடும் வாய்ப்பும் அதிகம். இது ஏழைகளை மட்டம் தட்டிச் சொல்வது இல்லை. மொத்தப் பணம் எந்த வீட்டில் இருந்தாலும் அதைத் தேடிச் செலவு வரும்.

ஆனால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவது வாடகை கொடுப்பவருக்கு. கனவு இல்லம் திட்டம் போய்ச் சேருவது குடிசைக்கு. அணைக்கட்டு பக்கத்துக் கிராமத்தில் சொந்தக் குடிசையில் இருப்பவர் வாடகையே கொடுப்பதில்லை. அவருக்கு மிச்சமாவது இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் ஓலை மாற்றும் செலவும், மழைக்காலத்தில் கூலிக்குப் போகாமல் வீட்டைக் காக்கும் நாட்களும், தீப்பிடிக்கும் பயமும். பணத்தில் அது குறைவு, பாதுகாப்பில் அதிகம். மேலும் பணம் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை முடிய முடியத் தவணைகளில் வருகிறது. முதலில் கைக்காசு போட வேண்டும். அந்த முதல் பணத்தை வாரவட்டிக்கு வாங்கினால், வீடு முடியும்போது மேலே பார்த்த நான்காவது கணக்கில் போய் நிற்கும். கட்டத் தொடங்குவதற்கு முன் மகளிர் குழுவிலோ கூட்டுறவு வங்கியிலோ ஒரு கடனைப் பேசி வைத்துவிட்டு அப்புறம் கடைக்கால் தோண்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கிராமத்துத் திட்டங்கள் பெரும்பாலும் சொந்த மனை இருப்பவருக்குத்தான். வேலூர் நகரின் கொசப்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ வாடகைக்கு இருப்பவருக்கு மனையே இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது வாழ்விட மேம்பாட்டு வாரிய (பழைய குடிசை மாற்று வாரியம்) ஒதுக்கீடும், நகர்ப்புறம் 2.0 திட்டத்தின் வட்டி மானியமும். வட்டி மானியம் இப்படி: 35 லட்சத்துக்குள் மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கலாம், அதில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டியை அரசு ஏற்கும், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு மானியத் தவணை வரும்போதும் கடன் கணக்கு வாராக்கடன் ஆகாமல் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் வேலை போய் மூன்று மாதம் தவணை நின்றவருக்கு, மானியம் தேவைப்படுகிற அந்த நேரத்திலேயே மானியமும் நின்றுவிடும்.